‘இருக்கு’ என்று சொன்னேன்

750 சுற்று சுற்ற வேண்டிய எஞ்சின், வண்டி சும்மா நிற்கும்போதே 1,100 சுற்றிக்கொண்டிருந்தது. சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. குன்னூரில் குடியிருப்பவனுக்குத் தெரியும். ஊட்டியிலிருந்து இறங்கும் சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும்போது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் முதல் கியரில் வண்டி முன்னால் உந்திக்கொண்டே இருக்கும். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரயில்வே கேட்டில் நின்றால், மேட்டுப்பாளையம் ரயில் போய் முடிகிறவரைக்கும் என் வண்டி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, “சார், ரேஸை விடுங்க” என்பார். நான் காலைத் தூக்கிக் காட்டுவேன்.

2014-ஆம் வருடத்து பெட்ரோல் வண்டி. வாங்கியதிலிருந்து ஒரே மெக்கானிக்கிடம்தான் விட்டுவந்தேன். சின்னப் பட்டறை. மேலே தகரம், உள்ளே எப்போதும் ஒரு இளையராஜா பாட்டு, மூலையில் டீ போடும் ஸ்டவ். மனிதர் அதிகம் பேச மாட்டார். பில்லும் அதிகம் வராது. முதலில் அவரிடம்தான் கொண்டுபோனேன்.

அவர் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, இன்டேக் பக்கத்து ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு கார்ப் க்ளீனர் ஸ்ப்ரேயை எடுத்து மேனிஃபோல்டு கேஸ்கெட்டை ஒட்டி லேசாக அடித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எங்காவது விரிசல் இருந்து வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தால், அந்த ஸ்ப்ரேயும் உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் சத்தம் மாறும். மாறவில்லை. “வாக்யூம் லீக் இல்ல சார். த்ராட்டில் பாடியைக் கழட்டிப் பாத்துருவோம்” என்றார்.

கழற்றினால் உள்ளே கரி. ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய பித்தளைத் தகடு ஒன்று காற்றுக்குழாயின் குறுக்கே கதவு போல நிற்கிறது. அதன் விளிம்பைச் சுற்றிக் கறுப்புப் பசை. பழைய கார்களில் நம் காலுக்கும் இந்தக் கதவுக்கும் நடுவே ஒரு கேபிள் இருந்தது. இப்போது நடுவே கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. வண்டி நிற்கும்போது கதவை எவ்வளவு திறந்துவைத்தால் எஞ்சின் அணையாமல் ஓடும் என்பதை அதுவே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. கரி சேரச் சேரக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து சமாளிக்கும். கரியைத் துடைத்துவிட்டால் என்ன ஆகும்? கதவு பழைய அளவுக்கே திறந்திருக்க, காற்று மட்டும் தடையில்லாமல் கூடுதலாகப் போகும். ஐடிலிங் ஏறும். கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை: எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். வந்துவிட்டது என்பதற்கு அடையாளம், ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடுவது.

இதெல்லாம் இன்றைக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, பாங்க்கில் மூன்று மணிக்கு ஒரு மீட்டிங் இருக்கிறது என்பது மட்டும்தான்.

அவர் துடைத்து மாட்டிவிட்டு, எஞ்சினை 3,000-இல் பிடித்துக்கொண்டு ஃபேனுக்காகக் காத்திருந்தார். ஃபேன் ஓடவில்லை. குனிந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார், கீழ் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி மேலே. “ரெண்டும் ஒண்ணா வெதுவெதுங்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், தெர்மோஸ்டாட் உள்ள இருக்குல்ல?”

நான் போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். “இருக்கு, இருக்கு” என்றேன்.

“அப்ப இன்னும் கொஞ்ச நேரம் ஓடணும். வண்டியை விட்டுட்டுப் போங்க, சாயந்தரம் எடுத்துக்கலாம்.”

“இல்லண்ணா, அவசரம். அப்புறம் கொண்டாரேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஐடிலிங் 1,500. போன் செய்தேன். “சூடாக்கி செட் பண்ணாத குறைதான் சார், கொண்டாங்க” என்றார். எனக்கு அது சாக்குப்போக்காகக் காதில் விழுந்தது. கழற்றுவதற்கு முன் 1,100, கழற்றிய பின் 1,500. கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டு நம்மையே திரும்ப வரச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். அது நன்றாக இருந்த வண்டி அல்ல என்பதும், அதனால்தான் அவரிடமே போனேன் என்பதும் அந்தக் கோபத்தில் வசதியாக மறந்துபோனது.

கோபத்தை மனசுக்குள் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் லைனில் ஒருவர் பழைய காருக்கு நல்ல மெக்கானிக் யாரென்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். நான் ஆளைச் சொல்லி, ‘அவரிடம் மட்டும் போய்விடாதீர்கள், அனுபவப்பட்டவன் சொல்கிறேன்’ என்று எழுதினேன். கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. டீக்கடையிலும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். நாம் ஏமாற்றப்பட்டோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு ருசி இருக்கிறது. கேட்கிறவர்கள் உடனே நம் பக்கம் வந்துவிடுகிறார்கள்.

அடுத்து கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். கண்ணாடிச் சுவர், காபி மெஷின், சோபா. ஸ்கேனர் போட்டுப் பார்த்து, கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். ஆனாலும் த்ராட்டில் பாடியையே மாற்றிவிடலாம் என்றார்கள். 14,000 ரூபாய். மாற்றினார்கள். வெயில் கொளுத்தும் மத்தியானம், அவினாசி ரோட்டு நெரிசலில் ஓட்டிக் காட்டினார்கள். 780. “பாத்தீங்களா சார்?” பார்த்தேன். சந்தோஷமாகக் கிளம்பினேன். மறுநாள் காலை குன்னூரில் அதே வண்டி 1,100-இல் நின்றுகொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டார். கீழே சரியாக இருக்கிறது, மேலே ஏறினால் கெடுகிறது. ஆகவே உயரம்தான் காரணம். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், காற்று மெலிசு, அதனால் எஞ்சின் கூடுதலாக மூச்சுவாங்குகிறது. இந்தச் சித்தாந்தத்தை பாங்க்கில் எல்லோருக்கும் விளக்கினேன். ஒரு பியூன் மட்டும், “அப்ப ஊட்டில ஓடற வண்டியெல்லாம் கத்தணுமே சார்” என்றார். அவருக்கு எஞ்சின் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

மார்கழி வந்தது. காலையில் கண்ணாடியெல்லாம் பனி மூடிவிடும். ஹீட்டர் போட்டுத்தான் கிளம்ப வேண்டும். வெலிங்டன் தாண்டுவதற்குள் மனைவி, “ஏங்க, ஹீட்டர்ல காத்துதான் வருது, சூடு வரல” என்றாள். “ஐடிலிங் முதல்ல சரியாகட்டும், ஹீட்டரை அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் எழுதுவதுதானே முறை. மைலேஜ் லிட்டருக்கு 17-இலிருந்து 13-க்கு வந்திருந்தது. அதை மலையேற்றத்தின் கணக்கில் எழுதினேன், ஏதோ அதற்கு முன்பு நான் தஞ்சாவூரில் ஓட்டிக்கொண்டிருந்த மாதிரி.

மறுபடி கோயம்புத்தூர். இந்த முறை ஆயில் மூடியைத் திறந்த பையன் முகம் மாறியது. மூடியின் உள்பக்கத்தில் வெள்ளையாக, குழகுழவென்று ஏதோ படிந்திருந்தது. “ஹெட் கேஸ்கெட் போயிருக்கு சார், கூலன்ட் ஆயிலோட கலக்குது. ஹெட்டை இறக்கணும்.” முப்பதாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். அந்த மாதம் பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருந்தேன். கையில் பணம் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே இறக்கச் சொல்லியிருப்பேன். ஒரு நல்ல எஞ்சினை அறுவை சிகிச்சையிலிருந்து காப்பாற்றியது என் புத்தி அல்ல, வறுமை.

பொங்கலுக்கு மச்சினன் வந்திருந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகுகிற ஒரு சின்னக் கருவி வைத்திருந்தான், ப்ளூடூத்தில் போனோடு பேசும். ஊட்டிக்குப் போய்விட்டு எல்லோருமாகத் திரும்பிவந்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் அதைச் சொருகினான். போனில் எண்கள் ஓடின. ஆர்.பி.எம். 1,090. அடுத்தது, அடுத்தது என்று தள்ளிக்கொண்டே போனவன் நின்றான்.

“மாமா, எஞ்சின் இன்னும் சூடே ஆகல.”

“ஊட்டியிலேர்ந்து வந்திருக்கோம்டா.”

போனைத் திருப்பிக் காட்டினான். கூலன்ட் வெப்பநிலை 58. அது 85-ஐத் தாண்டி இருக்க வேண்டும்.

என் வண்டியில் வெப்பநிலை காட்டும் முள் கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு எரியும், கொதித்தால் சிவப்பு விளக்கு எரியும், நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நீல விளக்கு 50 டிகிரியை ஒட்டியே அணைந்துவிடுகிறது. அணைந்ததும் எஞ்சின் தயார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அப்படி நினைக்கவில்லை. அதற்கு எஞ்சின் இன்னும் காலைக் குளிரிலேயே இருந்தது. குளிர்ந்த எஞ்சின் அணைந்துவிடக்கூடாது என்று பெட்ரோலைக் கூட்டி, சுற்றையும் கூட்டி வைத்திருந்தது. பழைய மாருதி 800-இல் சோக்கை இழுத்துவிட்டுத் தள்ள மறந்து ஊரெல்லாம் சுற்றுவோமே, அந்த நிலைமைதான், மாதக்கணக்கில். ஐடிலிங் கோளாறு என்று ஒன்று என் வண்டியில் இல்லவே இல்லை. சென்சார் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் தப்புச் செய்யவில்லை. ஸ்கேனரில் கோளாறு பதிவாகாததற்கும் அதுதான் காரணம்.

“தெர்மோஸ்டாட் மாட்டிக்கிட்டு நிக்குதோ என்னவோ, திறந்தபடியே. தண்ணி எந்நேரமும் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கிட்டே இருந்தா எஞ்சின் எப்படிச் சூடாகும்” என்று மச்சினன் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் பதில் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு இடதுபக்கக் கதவுக்குப் போனேன். டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். இன்ஷூரன்ஸ் காகிதம், ஒரு டார்ச், காலாவதியான புகைச் சான்றிதழ், பர்லியாரில் வாங்கிய மங்குஸ்தான் தோல் ஒன்று காய்ந்து கல்லாகி. எல்லாவற்றுக்கும் அடியில், எண்ணெய் ஊறிய தினத்தந்தித் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரிக்காமலே கைக்குத் தெரிந்தது.

போன மே மாதம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது பர்லியார் தாண்டிச் சிவப்பு விளக்கு எரிந்தது. பானட்டைத் திறந்தால் ஆவி. லாரி பார்க்கிற மெக்கானிக் ஒருவரை யாரோ கூட்டிவந்தார்கள். தெர்மோஸ்டாட் மூடியபடியே இறுகிவிட்டது, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகவே வழியில்லை என்று கண்டுபிடித்து, அதைக் கழற்றி எடுத்துவிட்டு ஹவுசிங்கை மூடினார். வண்டி வீடு வந்து சேர்ந்தது. அந்த இடத்தில் செய்ய வேண்டிய சரியான காரியம் அதுதான். கழற்றியதைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்து, “இதைக் காமிச்சு இதே மாதிரி ஒண்ணு வாங்கி இந்த வாரமே போட்டுருங்க சார். இல்லாம ஓடும், ஆனா ஓட்டக்கூடாது” என்றார். சரி என்றேன். வண்டி நன்றாகத்தான் ஓடியது. மே மாதத்தில் நன்றாகத்தான் ஓடும். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. குளிர்ந்த ஊருக்கு இந்தச் சூடாக்கும் சாமான் எதற்கு என்றுகூட ஒருதரம் நினைத்தேன். குளிர்ந்த ஊருக்குத்தான் அது அதிகம் தேவை.

மறந்துவிட்டேன் என்றுதான் மச்சினனிடம் சொன்னேன். பாதிதான் உண்மை. பட்டறையில் அந்தக் கேள்வி வந்தபோது, ஒரு கண நேரம், மிகச் சின்னதாக, எண்ணெய்ப் பொட்டலம் ஒன்று மனதில் வந்துபோனது. ‘இல்லை’ என்றால், எப்போதிலிருந்து இல்லை, ஏன் போடவில்லை என்று வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். மீட்டிங் வேறு. ‘இருக்கு’ என்பது சீக்கிரம் முடிகிற பதில்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். வழக்கமாக வாசலில் நிற்கும் வண்டிகள் குறைவாக இருந்தன. அது நான் எழுதியதாலா, பொங்கல் விடுமுறையாலா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார்.

“அன்னைக்கு நீங்க கேட்டீங்களேண்ணா...”

“தெரியும் சார். ரெண்டு ஹோஸும் ஒண்ணா சூடேறுனப்பவே தெரியும்.”

“அப்ப ஏண்ணா சொல்லல?”

“இருக்குன்னு நீங்க சொன்னீங்களே” என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வாட்ஸ்அப் விஷயத்தையும் நானே சொன்னேன். “காமிச்சாங்க” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

புதிய தெர்மோஸ்டாட் 600 ரூபாய்க்குள்தான். மாட்டுவதற்கு முன் சோதித்துவிடுவது அவர் பழக்கம். டீ போடும் ஸ்டவ்வில் ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். நடுவில் ஒரு வட்டத் தகடு, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங், கீழே விரல்நுனி அளவு பித்தளைக் குப்பி. குப்பிக்குள் மெழுகு. ஓரத்தில் 82 என்று பொறித்திருந்தது. தகட்டை விரலால் அழுத்தித் திறந்து, இடுக்கில் ஒரு நூலைக் கொடுத்து மூடினார். நூலில் தொங்கவிட்டபடி தண்ணீருக்குள் இறக்கி, நூலின் மறுமுனையை என்னிடம் கொடுத்தார். அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் கொதிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில், கையில் இருந்த பாரம் சட்டென்று போனது. ‘டங்’ என்று சட்டிக்குள் விழுந்தது. மெழுகு உருகி விரிந்து தகட்டைத் தள்ளித் திறந்துவிட்டது. “சரியாருக்கு” என்று ஸ்டவ்வை அணைத்தார்.

தகட்டில் ஆடுகிற ஊசியோடு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். காற்று வெளியேற அது மேல்பக்கம் வரும்படி மாட்டினார். கூலன்ட் ஊற்றி, காற்றுக்குமிழ் வரும்வரை வரவிட்டு, ஆயிலையும் மாற்றினார். மூடியில் இருந்த வெள்ளைப் பசையை விரலில் எடுத்துப் பார்த்து, “எஞ்சின் சூடாகலைன்னா உள்ள ஈரம் ஆவியாகிப் போகாது. ஆயிலோட சேந்து இப்படி ஆயிடும். கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு” என்றார். முப்பதாயிரம் ரூபாய்ப் பசை.

பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மேல் ஹோஸ் ஜில்லென்று இருந்தது, வெகுநேரம். திடீரென்று கை வைக்க முடியாத சூடு. கொஞ்ச நேரத்தில் முன்னால் ஃபேன் ஓட ஆரம்பித்தது. ஆர்.பி.எம். முள் தயங்கி இறங்கி 750-இல் நின்றது. கற்றுக்கொள்ளட்டும் என்று மேலும் பத்து நிமிடம் அப்படியே விட்டார். இந்த முறை எனக்கு மீட்டிங் எதுவும் இல்லை.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். கூடக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை.

ஹீட்டரில் இப்போது சூடு வருகிறது. மைலேஜ் 16-ஐத் தாண்டிவிட்டது. 14,000 ரூபாய் த்ராட்டில் பாடி வண்டியிலேயே இருக்கிறது. பழையதும் நன்றாக இருக்கிறது, பரணில். குழுவில் மறுப்பு எழுதினேன். முதலில் எழுதியதற்கு உயர்ந்த கட்டைவிரல்களில் பாதிகூட இதற்கு உயரவில்லை. தப்பான செய்தியை இத்தனை பேர் படிக்கிறார்கள், திருத்தத்தை யார் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாக இங்கே எழுதுகிறேன். என் பேச்சைக் கேட்டு அந்தப் பட்டறைக்குப் போகாமல் இருப்பவர்கள் குன்னூரில் யாராவது இன்னும் இருந்தால், எந்தப் பட்டறை என்று உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து அங்கேயே போங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பதில்லை.